ஆஸ்பத்திரி வாசலில்: நம்மவர் அறிய வேண்டியவை

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடி வந்தவனுக்கு வீடு கிடைத்துவிடும். வேலையும் நாளடைவில் கிடைத்துவிடும். அண்டை அயலார் மொழியும் நாவில் பழகிவிடும். ஆனால் நோய் என்று ஒன்று வந்துவிட்டால், அன்றுதான் அவன் தன்னை அந்நியன் என்று உணர்கிறான். எந்த வாசலில் நிற்பது, யாரைக் கேட்பது, என்ன சீட்டைக் காட்டுவது என்று அறியாமல் அவன் திகைக்கும் நேரத்தில், உள்ளே கட்டிலில் இருப்பவரின் உயிர் நிமிஷ நிமிஷமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது கேள்விப்பட்ட செய்தியன்று, அனுபவித்த துன்பம். ஆகவே, ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் அடையும் குறைகளைப் பற்றியும், அவற்றுக்குச் சட்டம் காட்டும் வழிகளைப் பற்றியும் இம்மாதம் சற்று விரிவாகச் சிந்திப்பது பயன் தரும் என்று நம்புகிறோம்.

மைசூரின் பெருமையும் பாரமும்

வைத்திய வசதியில் மைசூர் பின்தங்கிய நகரம் அன்று. 1924-ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைசூர் மருத்துவக் கல்லூரி 1930-இல் இந்நகருக்கு வந்தது. அக்கல்லூரியைச் சேர்ந்த கிருஷ்ணராஜேந்திர ஆஸ்பத்திரியையும், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான செலுவாம்பா ஆஸ்பத்திரியையும் அறியாத குடும்பம் இங்கே இல்லை. இளவரசி கிருஷ்ணாஜம்மணி காசநோய்க்கு இரையான துயரத்தின் நினைவாகவே, அவர் பெயரால் காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றும் இங்கே எழுந்தது. அரண்மனைக்கும் நோய் வரும், குடிசைக்கும் நோய் வரும் என்பதை உணர்ந்த மன்னர்கள் ஆண்ட நகரம் இது.

ஆயினும் பெருமை இருக்கும் இடத்தில் பாரமும் இருக்கிறது. மைசூர் ஜில்லா மட்டுமன்றிச் சாமராஜநகர், மாண்டியா, குடகு ஆகிய ஜில்லாக்களின் ஏழை மக்களும் இந்த அரசாங்க ஆஸ்பத்திரிகளையே நம்பி வருகிறார்கள். கொள்ளேகால் பக்கத்திலிருந்து வருவோரில் தமிழ் பேசுவோர் பலர். 1956-ஆம் ஆண்டில் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்படும் வரையில் கொள்ளேகால் தாலுக்கா சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது என்பதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். எல்லைக்கோடு இடம் மாறியது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

இவ்வளவு கூட்டம் ஓரிடத்தில் சேரும்போது குறைகள் தோன்றுவது இயல்பு. கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்தல். காலையில் வந்தவர் மாலை வரையில் வரிசையில் நிற்றல். தள்ளுவண்டிக்கும் குழந்தை முகத்தைக் காட்டுவதற்கும் கைநீட்டும் கடைநிலை ஊழியர். வெளிக்கடையில் மருந்து வாங்கி வரச் சொல்லும் சீட்டு. கேட்ட கேள்விக்குப் பதிலின்றிக் கடிந்து பேசும் பேச்சு. நாட்டில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றியும் ஏழைகள் சொல்லும் புகார்கள் இவை. தனியார் ஆஸ்பத்திரிகளிலோ புகாரின் தன்மை வேறு: வேண்டாத சோதனைகள், விளங்காத கணக்கு, முன்பணம் கட்டாமல் உள்ளே சேர்க்க மறுத்தல்.

இவற்றுள் பொறுத்துக்கொள்ளத் தக்கவை சில உண்டு. கூட்டத்தினால் நேரும் தாமதத்துக்கு எந்தத் தனி டாக்டரையும் குறை கூற இயலாது. பொறுத்துக்கொள்ளவே கூடாதவையும் உண்டு. அவற்றை இனம் பிரித்து அறிவதற்கு உண்மை நிகழ்ச்சிகள் சிலவற்றை நினைவுகூர்வோம்.

தும்கூரில் ஒரு தமிழ்த் தாய்

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். தமிழ்நாட்டிலிருந்து வந்து தும்கூர் நகரில், ஒரு சிறு பெண் குழந்தையுடன் வாடகை வீட்டில் வசித்துவந்த கர்ப்பிணி ஒருவருக்கு இரவு நேரத்தில் பிரசவ வேதனை கண்டது. துணைக்கு உற்றார் இல்லை. அயலார் இரங்கி, ஆட்டோவில் ஏற்றி ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே அவரிடம் கேட்கப்பட்டவை இரண்டு: ஆதார் அட்டை எங்கே? கர்ப்பிணிகளுக்கு இம்மாநிலத்தில் கொடுக்கப்படும் 'தாயி கார்டு' எங்கே? இரண்டும் அவரிடம் இல்லை. பெங்களூருக்குப் போகுமாறு சொல்லப்பட்டது. கையில் காசில்லாத அந்தப் பெண் பெங்களூருக்கு எவ்வாறு போவார்? வீட்டுக்கே திரும்பினார். விடியற்காலையில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, உதிரப் பெருக்கினால் அவரும் மாண்டார். குழந்தைகள் இரண்டும் மாண்டன. மூத்த பெண் குழந்தை மட்டும் தனித்து நின்றது.

பணியிலிருந்த டாக்டரும் நர்ஸுகள் மூவரும் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அவசரமாக வரும் நோயாளியிடம் சீட்டுக் கேட்டு நிறுத்தக் கூடாது என்று அரசாங்கம் அறிவுறுத்தியது. போன உயிர்கள் மூன்றும் திரும்பவில்லை.

இந்நிகழ்ச்சியை நாம் முதலில் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தத் தாய்க்கு அரிய மருந்தோ பெரிய கருவியோ இல்லாமற் போனதனால் மரணம் நேரவில்லை. பிரசவம் பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்த ஆஸ்பத்திரி, திறந்திருந்த கதவு, ஆனாலும் ஒரு காகிதம் குறுக்கே நின்றது. கர்ப்பிணிகள் எவரும் அரசாங்க ஆஸ்பத்திரியில், அறுவைச் சிகிச்சை உட்பட, செலவின்றிப் பிரசவம் பெறலாம் என்னும் மத்திய அரசாங்கத் திட்டம் 2011-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. அத்திட்டத்தை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் இல்லை என்பது மட்டும் உறுதி. பிழைப்புக்காக வந்த குடும்பம் எதற்கும் இந்நிலை நேரலாம் என்பதை மறக்க வேண்டாம்.

சாமராஜநகரில் ஓர் இரவு

இரண்டாவது நிகழ்ச்சி மைசூரோடு நெருங்கிய தொடர்புடையது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி இரவு. கொரோனாத் தொற்று உச்சத்தில் இருந்த சமயம். சாமராஜநகர் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பிராணவாயு உருளைகள் மைசூரில் நிரப்பப்பட்டு அனுப்பப்பட்டு வந்தன. அன்றிரவு இருப்புத் தீர்ந்தது. வரவேண்டியது வேளைக்கு வந்து சேரவில்லை. மறுநாள் காலைக்குள் அங்கே 24 நோயாளிகள் இறந்த செய்தி நாடெங்கும் பரவியது.

அதன்பின் நிகழ்ந்ததைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பிராணவாயுக் குறைவால் இறந்தவர்கள் ஒரு சிலரே என்று முதலில் சொல்லப்பட்டது. மைசூர் அதிகாரிகள் உருளைகளைத் தடுத்துவிட்டார்கள் என்று ஒரு சாரார் பழி சொன்னார்கள், அவர்கள் மறுத்தார்கள். கர்நாடக ஹைகோர்ட்டு தலையிட்டு, ஓய்வு பெற்ற நீதிபதி ஏ. என். வேணுகோபால கௌடா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு மைசூர் அதிகாரிகள்மீது சொன்ன பழிக்கு ஆதாரம் இல்லை என்று கண்டது. பிராணவாயுத் தட்டுப்பாடே உயிர்ச் சேதத்துக்குக் காரணம் என்றும், சாமராஜநகர் நிர்வாகம் முன்கூட்டி உணர்ந்து ஏற்பாடு செய்யத் தவறியது என்றும் அறிவித்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடும் வழங்கப்பட்டது.

யார் மேல் பிழை என்று அதிகாரிகள் ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டிருந்தால், உண்மை என்றும் வெளிப்பட்டிராது. இறந்தவர்களின் உறவினர் வாய் திறந்தார்கள், பத்திரிகைகள் எழுதின, நீதிமன்றம் கேட்டது, கணக்கு வெளிவந்தது. மௌனம் சாதித்திருந்தால் அந்த மரணங்கள் 'நோயினால் நேர்ந்தவை' என்ற ஒற்றை வரியில் மறைந்துபோயிருக்கும்.

நல்லதும் நடந்ததுண்டு

குறையை மட்டும் கூறுவது நீதியாகாது. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி, ஹனூர் தாலுக்கா சுள்வாடி கிராமத்து மாரம்மன் கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதி அது. அவர்களில் பலர் மைசூருக்குக் கொண்டுவரப்பட்டனர். இந்நகரின் அரசாங்க ஆஸ்பத்திரியும் தனியார் ஆஸ்பத்திரிகளும் அவர்களைப் பங்கிட்டு ஏற்றுக்கொண்டன. டாக்டர்களும் நர்ஸுகளும் இரவு பகல் பாராது உழைத்தார்கள். 17 பேர் இறந்தார்கள் எனினும், செயற்கைச் சுவாசக் கருவியால் மீண்டு வீடு திரும்பியவர்கள் பலர். மனம் வைத்தால் இதே நகரம், இதே கட்டடங்கள், இதே ஊழியர்களைக் கொண்டு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. ஆதலால், 'இங்கே இப்படித்தான்' என்று நாம் சோர்ந்து ஒதுங்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

விபத்தில் அடிபட்ட ஸ்கூட்டர்க்காரர் ஒருவரை, 'இது போலீஸ் சம்பந்தப்பட்ட வழக்கு; வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்' என்று திருப்பி அனுப்பியதால் அவர் வழியிலேயே இறந்த செய்தி ஒரு பத்திரிகையில் வந்தது. அதை ஆதாரமாகக் கொண்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1989-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது: உயிரைக் காப்பதே டாக்டரின் முதற் கடமை, போலீஸ் நடைமுறைகள் அதற்குப் பின்னரே. இக்கடமை அரசாங்க டாக்டருக்கும் தனியார் டாக்டருக்கும் ஒன்றே.

1992-ஆம் ஆண்டில் வங்காளத்தில் ஒரு தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமுற்றார். ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி மாற்றி மற்றொன்றாகக் கல்கத்தா வரையில் கொண்டு சென்றும், கட்டில் இல்லை, வசதி இல்லை என்று யாவரும் கைவிரித்தனர். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் செலவழித்துப் பிழைத்தார். அவர் சார்ந்த தொழிலாளர் சங்கம் வழக்கைச் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டு சென்றது. 1996-இல் வந்த தீர்ப்பு, அவசர சிகிச்சையை மறுப்பது அரசியல் சட்டம் 21-ஆம் பிரிவில் அளிக்கும் உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், பணமில்லை என்று அரசாங்கம் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. ஏழைத் தொழிலாளி ஒருவர் தனித்து இதைச் சாதிக்கவில்லை. ஒரு சங்கம் உடன் நின்றது. சங்கம் வைத்திருக்கும் நாம் இதை மனத்திற் கொள்ள வேண்டும்.

தர்ம ஆஸ்பத்திரியில் நேர்ந்த பிழைக்கு யார் பொறுப்பு என்னும் கேள்விக்கும் விடை உண்டு. 1963-ஆம் ஆண்டில் அன்றைய ஔரங்காபாத் அரசாங்க ஆஸ்பத்திரியில், பிரசவத்துக்குப் பின் கருத்தடை அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றினுள் ஒரு துணி வைத்துத் தைக்கப்பட்டுவிட்டது. சில நாட்களில் அவர் இறந்தார். ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு முடிவு கூறியது. நீதி கிடைத்தது உண்மையே. ஆனால் 33 ஆண்டுகள் ஆயின. வழக்கு மன்றம் கடைசிப் புகலிடமாகவே இருத்தல் நலம் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

பணம் கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-ஆம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது. யாவருக்கும் எல்லாச் சிகிச்சையும் இலவசமாகவே அளிக்கும் ஆஸ்பத்திரி மட்டும் அதற்குப் புறம்பானது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரியில், இலவச நோயாளியும் புகார் செய்யலாம். இப்போது நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள் ஜில்லா நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்டதாயின் மனுக் கட்டணம் கிடையாது. மைசூரிலும் இவ்வாணையம் உண்டு.

கர்நாடகத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கென 2007-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, பின்னர் திருத்தப்பட்டது. அவசர நிலையில் முன்பணம் கேட்டுச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. பாக்கித் தொகைக்காக இறந்தவர் உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்பவை அதில் அடங்கும். ஜில்லா தோறும் குறை தீர்க்கும் அமைப்பும் அதன்படி உண்டு.

நாம் செய்யத் தக்கவை

சட்டம் ஏட்டில் இருந்து பயனில்லை. நம் கையில் சான்று இருக்க வேண்டும். நம்மவர் பலர் தோற்பது நியாயம் இல்லாமையால் அன்று; காகிதம் இல்லாமையால்தான். ஆகவே பின்வருவனவற்றை ஒவ்வொரு குடும்பமும் வழக்கமாகக் கொள்ள வேண்டும்.

முதலாவது, வீட்டில் ஒரு பை. அதில் ரேஷன் அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றின் நகல்கள், கர்ப்பிணி இருந்தால் தாயி கார்டு, பழைய மருந்துச் சீட்டுகள், சோதனை முடிவுகள், ஒவ்வாத மருந்துகளின் பெயர் ஆகியவை ஓரிடத்தில் இருக்கட்டும். அவசரத்தில் சீட்டுக் கேட்டு நிறுத்துவது தவறுதான். ஆயினும் சீட்டு இருந்தால் வாதாட வேண்டிய நேரம் மிஞ்சும். அந்த நேரமே உயிர்.

இரண்டாவது, கையொப்பம். அறுவைச் சிகிச்சைக்கு முன் நீட்டும் தாள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படித்தறியாமல் கையொப்பம் இடாதீர்கள். என்ன செய்யப் போகிறார்கள், அதனால் வரக்கூடிய ஆபத்து என்ன, வேறு வழி உண்டா என்று விளங்கும் மொழியில் சொல்லுமாறு பணிவோடு கேளுங்கள். ஒன்றுக்குப் பெற்ற சம்மதத்தை வைத்து மற்றொன்றைச் செய்வது தவறு என்று 2008-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பெண்ணின் வழக்கில் தெளிவாகக் கூறியிருக்கிறது.

மூன்றாவது, பதிவேடுகள். உள்நோயாளியின் சிகிச்சைப் பதிவுகளை டாக்டர்கள் மூன்று ஆண்டுகள் காத்து வைக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி. சந்தேகம் தோன்றிய அன்றே எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியாயின் தகவல் உரிமைச் சட்டத்தின்படியும் கேட்கலாம்.

நான்காவது, முறையீட்டின் படிகள். வார்டில் குறை கண்டால் முதலில் தலைமை நர்ஸ். பின்னர் ஆஸ்பத்திரிச் சூப்பரிண்டெண்டெண்ட். அதன்பின் ஜில்லா சுகாதார அதிகாரி. லஞ்சம் கேட்டால் லோகாயுக்தா அலுவலகம். இம்மாநிலத்தில் 104 என்ற தொலைபேசி எண் சுகாதார ஆலோசனைக்கும் புகாருக்கும், 108 ஆம்புலன்ஸுக்கும் உரியவை. பெண்களும் குழந்தைகளும் ஷெட்யூல்டு வகுப்பினரும் வருமானம் எவ்வளவாயினும் ஜில்லா சட்ட உதவி மையத்தில் செலவின்றி வக்கீல் பெறலாம்.

ஐந்தாவது, மொழி. கன்னடம் நமக்கு அந்நிய மொழி அன்று; தமிழின் உடன்பிறப்பு. நாம் நோவு என்பதை அவர்களும் நோவு என்றே சொல்கிறார்கள். நெஞ்சு வலிக்கு 'எதெ நோவு', வயிற்று வலிக்கு 'ஹொட்டெ நோவு', பிரசவ வேதனைக்கு 'ஹெரிகெ நோவு', தலைச்சுற்றலுக்குத் 'தலெ சுத்து', மூச்சுத் திணறலுக்கு 'உசிராட்டத தொந்தரெ'. வாந்தி இரு மொழியிலும் வாந்தியே. ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் தாய்மாருக்கு இந்த நாலைந்து சொற்களைக் கற்பித்தல், ஒரு வேளை மருந்துக்கு ஒப்பான உதவி.

பிழையும் விதியும்

இறுதியாக ஒன்று. நோயாளி இறந்தால் அது டாக்டரின் குற்றமே என்று கொள்வது பேதைமை. கவனத்தோடு செய்த சிகிச்சையும் சில வேளைகளில் பலிப்பதில்லை. பெரும் அசட்டை இருந்தாலன்றி டாக்டரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாகாது என்று 2005-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருப்பதும் இந்த உண்மையை ஒட்டியே. துக்கத்தின் வேகத்தில் டாக்டரை அடிப்பதும் ஆஸ்பத்திரிப் பொருள்களை உடைப்பதும் கர்நாடகத்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்கு உரிய குற்றங்கள். கையை ஓங்கியவனின் நியாயம் அந்தக் கணமே தோற்றுவிடுகிறது. நிதானமாக எழுதிய ஒரு மனு, ஆயிரம் வசைமொழிகளைவிட வலிமை வாய்ந்தது.

தும்கூரில் அந்தத் தாயின் பக்கத்தில், எந்தச் சட்டம் அவரைக் காக்கிறது என்று அறிந்த ஒருவர் நின்றிருந்தால், இன்று ஒரு வீட்டில் மூன்று குழந்தைகள் தாயோடு வாழ்ந்திருக்கலாம். ஆகவே, பேட்டை தோறும் இரண்டு பேர், கன்னடமும் தமிழும் அறிந்தவர்களாய், இரவில் அழைத்தாலும் ஆஸ்பத்திரிக்குத் துணை வர இசைபவர்களாய் முன்வர வேண்டும். அவர்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சங்கத்தில் எழுதி வைத்து, வீடு தோறும் அறிவிக்கலாம். பெருஞ்செலவு வேண்டாம், மண்டபம் வேண்டாம், மாலை மரியாதை வேண்டாம். அடுத்த வீட்டில் விளக்கு எரிவதைக் கண்டு, 'என்ன, ஏது?' என்று கேட்கும் மனம் போதும்.